எங்கள் வீட்டு ஆஃப்செட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கத்திலிருந்து என் சித்தப்பா மகன் மஞ்சள் பையோடு வந்து இறங்கினான். காபி குடித்து முடிகிற வரைக்கும் ஊர் நியாயம் பேசினான். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிடுச்சுண்ணா. ஐந்நூறு பத்திரிகை அடிக்கணும். மேட்டர் எழுதிக் கொண்டாந்துட்டேன். உங்க வீட்டுல ஆஃப்செட் இருக்குதாமே, அதுவும் நாலு இருக்குதுன்னாங்க. வெளியில எதுக்குக் குடுக்கணும்? பேப்பர் காசு மட்டும் நான் குடுத்துடறேன்."

நாலு இருப்பது உண்மைதான். எழுந்து அவனை உள் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டேன். சுவரில் நாலு கிடார் தொங்கின. அவற்றைப் பார்த்தான். அவற்றுக்குப் பின்னால் பார்த்தான். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான்.

"மிஷின் எங்கண்ணா?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஆஃப்செட் என்றால் சிவகாசி. தினசரிக் காலண்டர், மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனுஷனின் மொத்தக் கணக்கும் அந்த அச்சில் அடங்கிவிடும். அந்தப் பெயரில் ஒரு கிடார் ஜாதியும் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அடி அண்ணாமலையில் இரண்டே பேர். நான் ஒருத்தன், என் மனைவி ஒருத்தி. அவளும் ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டவள் இல்லை.

சாதாரணக் கிடாருக்கு இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் ஒடுங்கும். ஆஃப்செட் கிடாரில் ஒரு பக்க இடுப்பு மேலே ஏறியிருக்கும், மறுபக்கம் கீழே இறங்கியிருக்கும். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற ஆளைப் போல இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு சாய்மானத்துக்காக ஒருத்தன் தன் சேமநல நிதியில் கை வைப்பானா என்று கேட்டால், வைத்திருக்கிறான்.

இந்த இடுப்பைக் கண்டுபிடித்தவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், ஃபுல்லர்ட்டன் ஊர். ரேடியோ ரிப்பேர்க்காரராக ஆரம்பித்தவர். உலகம் முழுக்கக் கிடார் செய்து விற்றாரே தவிர, அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்ததற்கு முதல் காரணம் அதுதான். 1958இல் ஜாஸ்மாஸ்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெயரிலேயே எண்ணம் தெரிகிறது. ஜாஸ் வித்வான்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள். தொடையில் வைத்தால் சரியாமல் உட்கார வேண்டும், வலது கை தானாக விழுகிற இடத்தில் உடம்பு இருக்க வேண்டும். அதற்காகத்தான் இடுப்பைத் தள்ளிவைத்தார். அந்த இடுப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். நம் ஸ்தபதிகள் திரிபங்கம் என்று பெயர் வைத்து ஆயிரம் வருஷமாக வார்த்துக்கொண்டிருக்கிற இடுப்பு அது. ஒருத்தரும் காப்புரிமை கேட்டதில்லை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஜாஸ்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கென்று தைத்த சட்டையை மாப்பிள்ளை போட மாட்டேன் என்றால் மச்சான் போட்டுக்கொள்வான் அல்லவா? அப்படித்தான், கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடுகிற பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சர்ஃப் இசைக்கு அந்தக் கணகண ஓசை பொருந்தியது. கம்பெனியும் காற்று வீசுகிற பக்கம் பாய்மரத்தைத் திருப்பியது. 1962இல் இன்னும் குட்டைக் கழுத்தும் கூடுதல் சுவிட்சும் குரோம் தகடுமாக ஜாகுவார் வந்தது. விளம்பரம் எல்லாம் கடற்கரையில். 1964இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று முஸ்டாங். பிறகு சர்ஃப் மோகம் வடிந்தது. 1975இல் ஜாகுவாரை நிறுத்தினார்கள், 1980 வாக்கில் ஜாஸ்மாஸ்டரையும். இரண்டும் அமெரிக்க அடகுக் கடைகளில் தூசி படிந்து தொங்கின. காசில்லாத பங்க் பையன்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கினார்கள். அந்தப் பையன்கள் பெரிய ஆளானார்கள். அதனால் கிடாரும் பெரிய ஆளானது.

பிள்ளைகளுக்கென்று செய்த முஸ்டாங்கில் ஒன்று, நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வைத்திருந்தது, 2022 மே மாதம் ஏலத்தில் 45 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் 35 கோடி ரூபாய். நிர்வாணம் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்றுதான் எங்கள் ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தை ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னேன். ஜாகுவாரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் சரித்திரத்தைக் கேட்கவில்லை. கிடாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் ஆம்பள இடுப்பு, ஒரு பக்கம் பொம்பள இடுப்பு. அர்த்தநாரிடா இது."

திருக்கார்த்திகை அன்று மாலை மலைமேல் தீபம் ஏற்றுவதற்குச் சற்றுமுன், பெரிய கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவார். வருஷத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்காகக் கூட்டத்தில் நசுங்கி ஐம்பது வருஷமாகப் பார்த்து வந்தவள் அவள். ஃபெண்டர் கம்பெனி விளம்பரத்துக்கு எத்தனையோ பேரை வைத்து எழுதியிருக்கும். இப்படி ஒரு வாக்கியம் அவர்களுக்கு அமையவில்லை.

எங்கள் வீடு மலைக்கு மேற்கே. ஊரும் பெரிய கோயிலும் கிழக்கே. பிரம்மா பிரதிஷ்டை செய்தது என்று சொல்லப்படும் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் எங்கள் பக்கம் இருக்கிறது. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் பாதி தூரம் தாண்டி, கால் வலி ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் தெரு வரும். அதனால் எங்கள் வீட்டுத் திண்ணை பக்தர்களிடையே மிகவும் பிரபலம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கும் இந்தப் பக்கம் பிடிக்கும். மலையைப் பார்த்தபடி மாடி போர்ஷன் கிடைத்தால் போதும், கரண்ட் பில் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். 2014இல் எங்கள் மாடிக்கு ஒருவர் குடிவந்தார். மூன்று மாதம் என்று வந்தவர் இரண்டு வருஷம் இருந்தார். ஊருக்குத் திரும்புகிற அன்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். இது எனக்குக் கடைசிப் பற்று, இனி வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். திறந்தால் ஜப்பானில் செய்த ஜாகுவார். அவர் கைவீசிக்கொண்டு ஆட்டோவில் ஏறியது இன்னும் கண்ணில் இருக்கிறது. பற்று அறுவதில்லை, வீடு மாறுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஜாகுவாரில் இரண்டு குமிழ், இரண்டு சக்கரம், நாலு தள்ளு சுவிட்ச். ஆக எட்டு. எங்கள் வீட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்த்தாலும் இத்தனை பொத்தான் வராது. ஆறு மாதம் நன்றாகத்தான் பேசியது. ஒரு சனிக்கிழமை ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன். சத்தமே இல்லை. கேபிளை மாற்றினேன், ஆம்ப்ளிஃபையரைத் தட்டினேன், திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேன். மௌனம். மௌனத்தாலேயே உபதேசம் செய்த மகான் வாழ்ந்த ஊர் இது. இங்கே மௌனத்தைப் பழுது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ். கண்டக்டர் "வீணையா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போக ஐந்து மணி நேரம். ரிப்பேர்க்காரத் தம்பி கிடாரை வாங்கினான், ஒரு தடவை பார்த்தான், சுண்டுவிரல் நகத்தால் கீழ்த் தகட்டில் இருந்த இரண்டு சுவிட்சைத் தள்ளினான். கிடார் பாடியது. அந்த இரண்டும் இரண்டு பிக்கப்புக்கான சுவிட்ச். இரண்டையும் அணைத்தால் கிடார் ஊமை. லியோ ஃபெண்டர் ஏன் அப்படி ஒரு வசதி செய்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"வாத்தியார்."

"என்ன சப்ஜெக்ட் சார்?"

இருபது வருஷமாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மின்சுற்று பாடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் நானே கேள்வித்தாள் எழுதுகிறேன்.

"வரலாறு," என்றேன்.

அவன் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "அந்தக் கீழ இருக்கற பொத்தானுங்களா? வெள்ளிக்கிழமை துடைச்சேங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு அசிங்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே வரிசையா தள்ளி வச்சேன்."

கோணலாக ஒன்று வைத்திருந்தால் அதை நேராக்க நாலு பேர் கிளம்பி வருவார்கள் என்பதற்கு இது முதல் அத்தாட்சி. பெரிய அத்தாட்சி எங்கள் ஆசாரி.

ஜாகுவாருக்குப் பிறகு சென்னையில் ஒரு ஸ்கொயர் ஜாஸ்மாஸ்டர் வாங்கினேன். ஃபெண்டரின் மலிவு விலைச் சகோதரி அது. ஒரு வருஷம் கழித்துப் பழைய முஸ்டாங் ஒன்று. வெளிநாட்டுச் சரக்கு கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், நாமே ஒன்று செய்தால் என்ன என்று புத்தி போனது. தஞ்சாவூர் வீணையே பலா மரத்தில்தானே செய்கிறார்கள்? இடித்த வீடு ஒன்றிலிருந்து பலாப் பலகை கிடைத்தது. சார்ட் பேப்பரில் முழு அளவில் படம் வரைந்து ஆசாரியிடம் கொடுத்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கதவும் நிலையும் வைத்தவர். மட்டத்தில் ஒரு நூல் பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்று வாரம் கழித்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தேன். பளிங்கு மாதிரி இழைத்திருந்தார். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

"படத்துல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போட்டிருந்தீங்க சார். அவசரத்துல போட்டிருப்பீங்கன்னு தோணுச்சு. பேப்பரை நடுவுல மடிச்சு வெட்டி நேராக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "திருத்தினதுக்குத் தனியாக் கூலி வேணாம் சார்" என்றார்.

நான் என்ன சொல்வது? அதற்குக் கழுத்தும் கம்பியும் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். என் ஆஃப்செட் சேகரிப்பின் நாலாவது உருப்படி அது. ஆஃப்செட் இல்லாத ஒரே உருப்படியும் அதுதான். உண்மையைச் சொன்னால் நாலில் நன்றாகச் சுருதி நிற்பதும் அதுதான். இதை வெளியில் சொல்வதில்லை.

சுருதி என்றதும் இரைச்சல் ஞாபகம் வருகிறது. இந்தக் கிடார்களில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி. கம்பியின் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், சுற்றி இருக்கிற மின்சார வயரின் முனகலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது. அதைச் சுரமாக்கினால் ஐந்து கட்டை, கொஞ்சம் தூக்கல். அமெரிக்காவில் 60 என்பதால் அங்கே அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் ஊர் மின்கம்பியில் ஓடுவது முழுநேரத் தம்பூரா.

இதை முதலில் கண்டுபிடித்ததும் அம்மாதான். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் திருவண்ணாமலை. மார்கழியில் விடிவதற்கு முன்னால் அதைப் பாடாவிட்டால் அவளுக்கு நாள் ஓடாது. ஒருநாள் நான் ஆம்ப்ளிஃபையரை அணைக்க மறந்து காபி குடிக்கப் போனேன். அது பாட்டுக்கு ங்கொய் என்று முனகிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அம்மா அந்த முனகலோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஐந்து கட்டை. அன்றிலிருந்து மார்கழி முப்பது நாளும் ஐந்து மணிக்கு உத்தரவு வரும்: "டேய், அந்தப் பொட்டியப் போடு. வாசிக்க வேணாம், போட்டா மட்டும் போதும்."

வாசிக்க வேண்டாம் என்பதை அவள் அழுத்திச் சொல்லுவாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுருளின் திசையைப் பொறுத்து இரைச்சல் கூடும் குறையும். காந்தப்புலம் சுருளுக்குள் நேராக நுழையாதபடி திரும்பி உட்கார்ந்தால் முனகல் அடங்கும். எங்கள் வீட்டில் வயர் போகிற போக்குக்கு, கிழக்கே மலையைப் பார்த்து உட்கார்ந்தால் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இதை அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி, பக்கத்து வீட்டில் எதிர்வீட்டுக்குச் சொல்லி, அண்ணாமலையாரைப் பார்த்து உட்கார்ந்தால் கரண்டே அடங்கிப்போகிறது என்று ஆகிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் பாயம் என்று சொல்லிக்கொடுப்பதை என் தெருவில் ஒருத்தருக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் மார்கழியில் மட்டும் அம்மாவே கட்சி மாறிவிடுவாள். "மலையப் பாக்காதடா, சுருதி போவுது. முதுகக் காட்டி உக்காரு."

ஜாஸ்மாஸ்டரில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் முனகலை மற்றது தின்றுவிடும். அப்படித்தான் எதிரெதிராகச் சுற்றியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஜாஸ்மாஸ்டரின் தலைவலி வேறு. அது குதிரை.

வீணையில் கம்பிகள் ஏறி உட்காருகிற பாலத்தைக் குதிரை என்பார்கள். ஜாஸ்மாஸ்டர் குதிரைக்கு இரண்டு கால். இரண்டும் தம்மைவிட அகலமான குழிக்குள் நிற்கின்றன. நிற்கின்றன என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவை ஆடும். கம்பியைத் தளர்த்தி இறுக்கும் ட்ரெமலோ கையை அமுக்கும்போது கம்பியோடு சேர்ந்து குதிரையும் முன்னும் பின்னும் சாயட்டும் என்று வேண்டுமென்றே செய்தது. அந்தக் காலத்தில் போட்ட தடித்த கம்பி குதிரையை அழுத்திப் பிடித்தது. இப்போது எல்லாரும் மெல்லிய கம்பி போடுகிறோம், குதிரைமேல் பாரம் போதவில்லை. கொஞ்சம் பலமாக மீட்டினால் கம்பி பள்ளத்தை விட்டுக் குதித்து அடுத்த பள்ளத்தில் உட்காரும். மெதுவாக மீட்டினால் குதிரைக்குள் இருக்கிற குட்டித் திருகாணிகள் கிலுகிலுக்கும். நடுத்தரமாக மீட்டினால் இரண்டும் நடக்கும்.

குறை என்றே சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அந்த ட்ரெமலோ கையை உள்ளங்கையில் பிடித்தபடி மீட்டிப் பாருங்கள். சுரம் மெழுகு மாதிரி வழியும். கெவின் ஷீல்ட்ஸ் என்பவர் இதை வைத்தே 1991இல் ஒரு முழு இசைத்தட்டைத் தண்ணீரில் கரைந்த மாதிரி செய்தார். குதிரைக்குப் பின்னால் மிச்சமிருக்கிற கம்பித் துண்டைச் சுண்டினால் சின்னச் சின்ன மணிச் சத்தம் வரும். அதை வாசிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. சோனிக் யூத் குழுவினர் அங்கேயும் போய் வாசித்தார்கள், கம்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகியும் வாசித்தார்கள். பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்த கிடார் பிரசன்னா, சாதாரண மின் கிடாரிலேயே விரலால் கம்பியை இழுத்துக் கர்நாடக கமகத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். எனக்கு அந்த விரல் இல்லை. கையை அமுக்கினால் கமகம் மாதிரி ஏதோ வருகிறது, அதற்காகவாவது இந்தக் குதிரையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்வேன். ஜாகுவாரின் கையை ஒருநாள் ஜன்னலோரம் வைத்திருந்தபோது குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது எந்த ராகத்தில் இருக்கிறதோ.

அமெரிக்காவில் இந்தக் குதிரைக்கு மாற்றாக ஆடாத குதிரையைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்த்தால் என் ஜாஸ்மாஸ்டர் விலையில் பாதியைத் தொடும். இருந்தும் ஒருமுறை, குதிரை இல்லை, அதைவிட மலிவான ஒரு தகடு வரவழைத்தேன். அது வந்து சேர வேண்டிய நாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். கூரியர் தம்பி போன் செய்தான்: "சார், மலைக்கு எந்தப் பக்கம் நீங்க?" பின்பக்கம் என்றேன். "எதுக்குப் பின்பக்கம் சார்?" நியாயமான கேள்வி, மலைக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்? இரண்டு நாள் பொட்டலம் வண்டியிலேயே சுற்றியது. என் வீட்டுக்கு வந்த பொருள்களிலேயே முறையாகக் கிரிவலம் முடித்து வந்தது அது ஒன்றுதான்.

தகடு பொருந்தவில்லை. ஆசாரியைத்தான் கூப்பிட்டேன். மோவாயைத் தடவிக்கொண்டு கம்பிகளைப் பார்த்தார்.

"குதிரை ஆடுது சார்."

"ஆடறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

"ஆடற குதிரை எதுக்கு சார்?"

பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டு, கழுத்தை நிமிர்த்திப் பின்னால் சாய்த்தால் குதிரையை உயர்த்தலாம், உயர்த்தினால் கம்பி அதன்மேல் செங்குத்தாக அழுத்தும் என்று அவரே சொன்னார். உலகத்தில் ஜாஸ்மாஸ்டர் வைத்திருக்கிற அத்தனை பேரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. அந்த மனுஷர் அதற்கு முன்னால் ஜாஸ்மாஸ்டரைத் திறந்தே பார்த்ததில்லை.

"கழுத்துக்கு ஒரு ஆப்பு வைக்கணும் சார். ரொம்பல்லாம் வேணாம், ஒரு அட்டை கனத்துக்கு."

வீட்டில் கைக்கு எட்டிய நல்ல அட்டை, சித்தப்பா மகன் வேறு அச்சகத்தில் அடித்துக் கொண்டுவந்து கொடுத்த கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் முடிந்து, மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டும் ஆயிற்று. இனி அதற்கு என்ன வேலை? ஆசாரி நாலு திருகாணியைக் கழற்றி, பத்திரிகையின் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டி, கழுத்துக் குழியின் அடிப்பக்கம் வைத்து மேலே திருகினார். கம்பி குதிக்கவில்லை. கிலுகிலுப்பும் அடங்கியது. சிவகாசி ஆஃப்செட் ஒருவழியாகக் கலிஃபோர்னியா ஆஃப்செட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வாசித்தேன்.

என்ன வாசித்தேன் என்று கேட்கக் கூடாது. நாலு கிடார் வைத்திருக்கிறவனுக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. அதில் ஒன்று, 1980இல் வந்த 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிடாரோடு உட்கார்ந்து பாடுகிற அந்த இளையராஜா பாட்டு, அதுவும் முதல் சரணத்தோடு நின்றுவிடும். மற்ற நேரமெல்லாம் துடைப்பது, கம்பி மாற்றுவது, திருகுவது, சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதுதான். மலைமேல் ஏறுகிறவர்கள் சிலர்தான். நாங்கள் எல்லாம் சுற்றி வருகிறவர்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சித்தப்பா மகன் போன் செய்தான். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும், நாளைக்குப் போக வேண்டும், மற்ற தாளோடு பத்திரிகையும் வைக்க வேண்டும். ஐந்நூறு அடித்தோம், வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சொந்தக்காரர் ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை. "நீங்க எதையும் தூக்கிப் போட மாட்டீங்களேண்ணா, உங்ககிட்ட இருக்கும்."

இருந்தது. பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆசாரி பட்டை வெட்டிய இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் இல்லை.

ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நான் கூடத்தில் பாயை விரித்து, ஜாஸ்மாஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு, கம்பிகளைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது திருகாணி வந்ததும் கழுத்து தனியாக வந்தது. உள்ளே மாப்பிள்ளை பத்திரமாக இருந்தார். பெயருக்கு முன்னால் ஒரு ஓட்டை, பெயருக்குப் பின்னால் ஒரு ஓட்டை. செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.

"மிஷின் உள்ளேதான் இருந்துச்சா?" என்றான்.

அவன் போன பிறகு கழுத்தும் உடம்பும் தனித்தனியாகப் பாயில் கிடந்தன. என் மனைவி எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். எங்கள் கல்யாணப் பத்திரிகை. கையால் எழுத்துக் கோத்து டிரெடிலில் அடித்தது. நாலு மூலையிலும் மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது. அந்தக் காலத்து அட்டை, நல்ல கனம்.

"இத வெட்டிக்குங்க. நம்மள யாரும் கேக்கப் போறதில்ல."

கத்தரிக்கோலை எடுத்து எந்தப் பக்கம் வெட்டலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் என் பேரு இருக்கு, வேணாம். உங்க பேரு இருக்கற பக்கமா வெட்டுங்க."